பேர் எழுதிய குருவானவர்

மலையகத்தின் பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டங்களில் பேர்ப்பட்டியலின் கனம் எல்லாருக்கும் தெரியும். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் விழுந்தால் அன்றைக்கு வேலை. செக்ரோலில் பேர் வெட்டுப்பட்டால் லயத்துக் காம்பராவும் ஆட்டம் காணும். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது இந்த மலையின் சனங்களில் மிகப் பெரும்பாலோர் நாட்டின் பேரேட்டிலிருந்தே விழுந்துபோனார்கள். ஆகவே, உள்நாட்டுப் போர் முடிந்த 2009 மே 18ஆம் திகதி முல்லைத்தீவு வட்டுவாகலில் ஒரு முதிய குருவானவர் குனிந்திருந்து பேர் எழுதினார் என்ற செய்தி இங்கே உள்ளவர்களுக்குக் கூடுதலாகவே உறைக்கும்.

அவர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர், ஆங்கிலம் கைவந்தவர். ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு வந்த புலிப் போராளிகளின் பேர்களை அவர் எழுதினார், பிறகு அவர்களோடு தானும் பஸ்ஸில் ஏறினார் என்று அங்கே நின்ற மனைவிமாரும் தாய்மாரும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அதன் பின் அவரைக் கண்டவர் இல்லை. அவர் செய்தது சரியா?

கேள்வி அபத்தமாகத் தோன்றலாம். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் செயலை எடைபோட நாம் யார் என்று கேட்கலாம். ஆனால் கும்பிட்டு ஒதுக்கிவிட்டால் அந்தத் துணிச்சல் எதனால் ஆனது என்பது விளங்காமலே போய்விடும்.

படைகளோடு குருவானவர்கள் போவது பழைய வழக்கம். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் படையோடு இணைந்த மதகுருக்களுக்குத் தனிப் பாதுகாப்பு அளிக்கின்றன. எதிரியின் கையில் சிக்கினாலும் அவர்கள் போர்க்கைதிகள் அல்லர், தம் ஊழியத்தைத் தொடர விடப்பட வேண்டியவர்கள். அந்த ஏட்டின் மை காய்ந்த மறு வருடமே கொரியாவில் அதற்குச் சோதனை வந்தது. அமெரிக்கப் படையின் கத்தோலிக்கக் குரு எமில் கபோன், 1950 நவம்பர் 2ஆம் திகதி உன்சானில் சீனப் படையிடம் பிடிபட்டார். மரித்தோரை நினைக்கும் திருநாள் அது. தப்பிப்போக வாய்ப்பிருந்தும் காயப்பட்டவர்களோடு தங்கிவிட்டார். நிலத்தில் கிடந்த ஒரு சார்ஜன்டைச் சுட நின்ற வீரனின் துப்பாக்கியைக் கையால் ஒதுக்கிவிட்டு, காயப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். போர்க்கைதி முகாமில் பட்டினி கிடந்தவர்களுக்காகச் சாப்பாடு திருடினார். வயிற்றுளைச்சலில் கிடந்தவர்களின் துணியைத் துவைத்தார், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். 1951 மே 23இல், 35 வயதில், அந்த முகாமிலேயே செத்துப்போனார். (குருவானவர் திருடலாமா என்று கேட்கும் அறநெறியாளர் இருந்தால், அவரை ஒரு நாள் பட்டினி போட்டுப் பார்க்கலாம்.)

கபோனிடம் படைச் சீருடை இருந்தது, பதவி இருந்தது. பிரான்சிஸ் ஜோசப்பிடம் இரண்டும் இல்லை. எந்தப் படையின் குருவாகவும் அவர் நியமிக்கப்படவில்லை. இந்த வித்தியாசத்தில்தான் ஒரு பழைய ஆட்சேபம் வந்து நிற்கிறது. ஒரு தரப்பின் சீருடை போட்ட குரு, அந்தத் தரப்பின் துப்பாக்கிக்கும் சேர்த்தே ஆசி கொடுக்கிறார் என்பார்கள். சீருடை இல்லாதவர்மேலும் அதே குற்றத்தைச் சாட்டலாம்: புலிகளோடு பஸ் ஏறியவர் புலிகளின் ஆள்தானே?

ஆட்சேபம் லேசானது அல்ல. போரின் கடைசி மாதங்களில் வலைஞர்மடம் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கான இளைஞர்களைப் புலிகளே பலவந்தமாகப் பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனதை 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை சொல்கிறது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு ஏறிப்போன குடும்பங்கள் ஏராளம். இரு தரப்பின் குண்டுக்கும் ஆள்பிடிப்புக்கும் நடுவில் அவையும் அகப்பட்டன. அப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், போராளிகளுக்கு ஏன் ஒரு சுவாமி துணை போனார் என்று கேட்டால், அவளை வாயடைக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் நேரத்தைப் பார்க்க வேண்டும். துப்பாக்கி கையில் இருக்கும்போது பக்கத்தில் நிற்பது ஒன்று. அது கீழே விழுந்த பிறகு பக்கத்தில் நிற்பது இன்னொன்று. வட்டுவாகலுக்கு வந்தவர்களிடம் ஆசி பெற ஆயுதம் இருக்கவில்லை. ஆயுதத்தைக் கீழே வைத்தவரை மனிதராக நடத்த வேண்டும் என்பது உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும் ஜெனீவா விதி. அந்த விதிக்கு அங்கே சாட்சியாக நிற்க வேறு ஆள் இல்லாதபோது அவர் நின்றார். வெற்றி ஊர்வலத்தில் தண்ணீர் தெளிக்க எந்த மதத்திலும் ஆள் கிடைக்கும்.

இதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கிறது. சுவாமி கூட இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் சில குடும்பங்கள் தங்கள் ஆட்களைப் போக விட்டிருக்கும். அப்படியானால் அந்த நம்பிக்கையைக் கொடுத்தவருக்கும் நடந்ததில் பங்கு உண்டா? நம்பிக்கையை முறித்தவன்மேல்தான் பழி என்று சொல்லித் தப்பிவிடலாம். அது உண்மையும்கூட. ஆனாலும் பிறருக்கு உத்தரவாதம் சொல்கிறவருக்கு ஒரு கடன் உண்டு: வாக்குப் பொய்த்தால் முதலில் தன் தலை போக வேண்டும். பிணை நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஊரை விட்டு ஓடுகிறவர்களை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கலாம். பிரான்சிஸ் ஜோசப் பேர்களை எழுதிக் கொடுத்துவிட்டு வெள்ளை அங்கியின் மரியாதையில் ஒதுங்கி நடந்திருக்கலாம். அவர் தன் உடம்பையே பிணையாக வைத்தார். அந்தக் கணக்கில் அவர்மேல் பாக்கி இல்லை.

பாக்கி வேறு இடத்தில் இருக்கிறது. கபோனுக்கு 2013இல் அவருடைய நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. பேர் தெரியாத வீரர்களோடு ஹவாயில் புதைக்கப்பட்டிருந்த அவருடைய எலும்புகள் 2021இல் அடையாளம் காணப்பட்டு, சொந்த மறைமாவட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன. எழுபது வருடம் தேடியிருக்கிறார்கள். இங்கே, சரணடைந்தோரின் பட்டியல் தம்மிடம் உண்டு என்று படை அதிகாரி ஒருவர் முல்லைத்தீவு நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டார். கொண்டுவரச் சொன்னபோது வந்தது புனர்வாழ்வு பெற்றவர்களின் பட்டியல். அன்று சரணடைந்த, புலிகளின் அரசியல் பிரிவைச் சேர்ந்த எழிலனை முன்னிலைப்படுத்துமாறு வவுனியா மேல் நீதிமன்றம் 2022 டிசம்பரில் இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. அந்தச் சுவாமி எழுதிய பட்டியல் இன்னும் வெளியே வரவில்லை.