மீட்டர் ஓடுவதற்கு முன்னால்...

ஒரு பாட்டு பிடித்துப்போனால் நீங்கள் யாரைப் பாராட்டுவீர்கள்? பாடியவரை. அப்புறம் இசையமைப்பாளரை. கொஞ்சம் விவரமானவராக இருந்தால் பாடலாசிரியரையும் சேர்த்துக்கொள்வீர்கள். 'அடடா, மிக்ஸிங் என்னமா பண்ணியிருக்காரு!' என்று பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

குரல் ஒரு டிராக், தபலா ஒரு டிராக், வயலின் ஒரு டிராக் என்று எல்லாம் தனித்தனியாகத்தான் பதிவாகும். ஒரே பாட்டில் ஐம்பது டிராக் இருப்பது சர்வசாதாரணம். எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும், எது இடது காதில், எது வலது காதில் என்று பார்த்துப் பார்த்து உட்கார வைப்பவர்தான் மிக்ஸிங் இன்ஜினீயர். கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர் மாதிரி. பந்தி நன்றாக நடந்தால் பாராட்டு சமையல்காரருக்கு. சொதப்பினால் திட்டு இவருக்கு. ரஹ்மானின் எத்தனையோ பாடல்களுக்குப் பின்னால் இருந்த, தேசிய விருதுகள் வாங்கிய ஹெச்.ஸ்ரீதர் 2008 டிசம்பரில் காலமானார். அந்தப் பாடல்களை முணுமுணுக்கும் நம்மில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

சாலிகிராமத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறார் என் நண்பர். எந்தக் கம்பெனியையும் சாராமல், தானே முதலாளி, தானே இன்ஜினீயர். நான் பி.காம். படித்தவன். அதனால் அந்த அறைக்குள் நுழைந்ததும் எனக்குக் காதில் விழுவது சங்கீதம் அல்ல, கரண்ட் பில். வெளிச்சத்தம் வராமலிருக்க இரட்டைக் கதவு, சுவருக்குள் திணித்த ராக்வுல், ஓயாமல் ஓடும் ஏ.சி., வருஷா வருஷம் பழசாகிப்போகும் கம்ப்யூட்டர், பேங்க் லோன், வாடகை. வரவு என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டணம். அதுவும் லேப்டாப்பும் மைக்கும் வைத்து வீட்டு பெட்ரூமிலேயே பாட்டுப் பதிகிற காலத்தில், படியேறி வருகிறவர்களே குறைவு.

இங்கேதான் சிக்கல். ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பாடுகிறவர் சுருதி விலகினால் இன்ஜினீயருக்கு வலிக்கிறது. முதலாளிக்கு வலிக்காது. தப்பு கூடினால் டேக் கூடும், டேக் கூடினால் மணி கூடும், மணி கூடினால் பில் கூடும். அடுத்தவரின் தப்பே உங்கள் வருமானம் என்றால், அந்தத் தப்பை நீங்கள் அவரிடம் சொல்வீர்களா?

நண்பர் ஒரு கேஸ் சொன்னார். ரிட்டயரான ஒரு தந்தை, பத்தொன்பது வயதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். எட்டு பக்திப் பாடல்கள். ஓய்வுப் பணத்திலிருந்து இரண்டு லட்சம் ஒதுக்கியிருந்தார். ''இது வெளியே வந்தா சினிமாவுல கூப்பிடுவாங்கல்ல சார்?'' என்று கேட்டார். பெண் பாடினாள். நல்ல குரல்தான். ஆனால் சுருதி நிற்கவே இல்லை.

'அதனாலென்ன, மெஷின் சரி செய்துவிடுமே!' என்பீர்கள். செய்யும். பூமிக்கடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று நில அதிர்வு அலைகளை வைத்துத் தேடும் வேலையில் இருந்தவர் ஆண்டி ஹில்டெப்ராண்ட். அந்தக் கணிதத்தையே குரலுக்குத் திருப்பி, 1997-ல் 'ஆட்டோ-டியூன்' மென்பொருளைக் கொண்டுவந்தார். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள தூரத்தை நூறு பங்காகப் பிரித்து, எத்தனை பங்கு விலகினாலும் இழுத்து நேராக்கிவிடலாம். நம் சங்கீதத்தில் அதை அப்படியே ஓட விட்டால் கமகத்தையும் தப்பு என்று நினைத்துத் தட்டையாக்கிவிடும். அதனால் நண்பர் மாதிரி ஆட்கள் ஒவ்வோர் எழுத்தாகக் கையால் திருத்துவார்கள். எட்டுப் பாட்டுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இது பொய்யா? அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். நான் எழுதும் இந்தப் பக்கத்தையே உதவி ஆசிரியர் ஒருவர் திருத்தித்தான் உங்களிடம் அனுப்புகிறார். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையின் பருவை ஸ்டுடியோக்காரர் அழித்துவிடுகிறார். இதையெல்லாம் நாம் மோசடி என்பதில்லை. திருத்துவது பாவமென்றால் உலகத்தில் பாதித் தொழில் பாவம்தான்.

எனக்குப் படுவது இதுதான். திருத்தத்தில் தப்பில்லை. அந்தத் திருத்தத்தை நம்பி யார், என்ன முடிவெடுக்கிறார் என்று பாருங்கள். கேட்பவர் ஒரு பாட்டை ரசித்துவிட்டுப் போகிறார். அவருக்கு நஷ்டம் ஏதுமில்லை. 'மில்லி வானிலி' இரட்டையருக்குக் கிராமி விருதே கொடுத்தார்கள். ஆல்பத்தில் இருந்தது அவர்கள் குரலே இல்லை என்று தெரிந்ததும் 1990-ல் விருதைப் பறித்துவிட்டார்கள். காரணம், விருது என்பது ஒரு முடிவு. 'பாடியது இவர்தான்' என்று நம்பி எடுத்த முடிவு. 2024-ல் 'லால் சலாம்' படத்தில் மறைந்த இரண்டு பாடகர்களின் குரலை செயற்கை நுண்ணறிவால் ரஹ்மான் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அது சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் யாரும் இருட்டில் இல்லை.

அந்தத் தந்தை இருட்டில் இருந்தார். திருத்திய குரலைத் தன் மகள் குரல் என்று நம்பி, அடுத்த இரண்டு லட்சத்தை எடுத்து வைக்கப்போகிறவர் அவர்தான்.

வணிகவியல் படித்தவனுக்கு இது பழகிய கேள்வி. கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்பவருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே கம்பெனிதான். 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் தலைவரே 'கணக்கு பொய்' என்று கடிதம் எழுதினார். அதுவரைக்கும் அந்தக் கணக்குகளின் கீழே தணிக்கையாளரின் கையெழுத்து இருந்தது. ஆடிட்டருக்காவது சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, கையெழுத்து என்ற பயம் இருக்கிறது. மூடிய அறைக்குள் 'சூப்பர்ம்மா, அடுத்த சரணம் போலாம்' என்று சொல்கிற மனிதரை யார் தணிக்கை செய்வது?

நண்பர் உண்மையைச் சொன்னார். ''பாப்பா இன்னும் ஒரு வருஷம் நல்ல குருகிட்ட கத்துக்கட்டும் சார். அப்புறம் வாங்க, நானே செஞ்சு தர்றேன்.'' தந்தை முகம் சிவந்துபோய்க் கிளம்பிவிட்டார். இரண்டு தெரு தள்ளி வேறொரு ஸ்டுடியோவில் எட்டுப் பாட்டும் பதிவாயின.

'நேர்மைக்குக் கடைசியில் வெற்றி கிடைத்தது' என்று இந்த இடத்தில் எழுத எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. அந்த மாதம் நண்பர் கடன் வாங்கித்தான் வாடகை கொடுத்தார். நேர்மை லாபம் தரும் என்று சொல்லி அதை விற்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. லாபம் தந்தால் அதற்குப் பெயர் வியாபார உத்தி. நஷ்டம் வரும்போதும் ஒருவர் ஏன் அதைச் செய்கிறார் என்பதுதான் கேள்வி.

கேட்டேன். அவர் தர்மம், மனசாட்சி என்றெல்லாம் பேசவில்லை. ''என் முதலீடே இந்தக் காதுதாங்க. நல்லா இல்லாததை நல்லா இருக்குன்னு தினமும் வாய் சொல்லிட்டே இருந்தா, கொஞ்ச நாள்ல காதும் அதையே நம்ப ஆரம்பிச்சிடும். அப்புறம் நான் எதை வெச்சுத் தொழில் பண்றது?'' என்றார்.

தொழிலில் இதைவிடச் சின்ன ஆசைகாட்டல்களும் உண்டாம். ஒரே மிக்ஸை இரண்டாம் முறை கொஞ்சம் சத்தம் கூட்டிப் போட்டுக் காட்டினால் போதும். 'ஆஹா, இப்பதான் சார் நல்லா இருக்கு' என்பார் வாடிக்கையாளர். சத்தம் கூடினாலே தரம் கூடியதாக மனிதக் காதுக்குத் தோன்றும். ஒரு வேலையும் செய்யாமல் பாராட்டு, கூடவே பில்லும். முறைப்படி ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டும். உலகத்து ஸ்டுடியோக்களில் யமஹாவின் என்.எஸ்.10 என்று ஒரு ஸ்பீக்கர் பிரபலம். 1978-ல் வந்தது, 2001-ல் தயாரிப்பு நின்றுபோனது. இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். இனிமையாக ஒலிக்கும் என்பதற்காக இல்லை. குறையை மறைக்காமல் காட்டிவிடும் என்பதற்காக.

அந்தத் தந்தை கோபித்துக்கொண்டு போன பிறகு நண்பர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். புதிதாக யார் வந்தாலும் முதல் அரை மணி நேரம் இலவசம். தம்புரா மட்டும் ஓடும். பாடச் சொல்லுவார், பதிவு செய்வார். எந்தத் திருத்தமும் இல்லாமல் அதைப் போட்டுவிட்டு, டீ குடிக்க வெளியே போய்விடுவார். அவர்களே கேட்டுக்கொள்ளட்டும் என்று. சிலர் 'கொஞ்ச நாள் பழகிட்டு வர்றோம்' என்று எழுந்து போகிறார்கள். சிலர் 'தெரியும் சார், ஆசைக்குத்தான். சரி பண்ணிக் கொடுங்க' என்கிறார்கள். அவர்களுக்குத் திருத்திக் கொடுக்கிறார், மனசில் உறுத்தல் இல்லாமல். அது அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு செய்கிற செலவு.

அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் சொன்னால் அது யோசனை. அதே உண்மையைப் பணம் கைமாறிய பிறகு சொன்னால் சண்டை. பெரும்பாலும் நாம் சொல்லாமல் விழுங்கிவிடுவது அதனால்தான்.

டியூஷன் எடுப்பவர், வீடு கட்டித் தருபவர், இன்ஷூரன்ஸ் பாலிசி பிடிப்பவர், என்னைப் போல் பத்திரிகையில் எழுதுபவர்... அடுத்தவரின் நம்பிக்கையில்தான் நம் எல்லோருடைய மீட்டரும் ஓடுகிறது. அதை ஓட விடுவதற்கு முன்னால் நீங்கள் கொடுக்கும் அரை மணி நேரம் எது?