கூலி வாங்காதவரிடம் கேட்பது

கூலி வாங்காமல் உழைப்பவரிடம் ஒருவர் எந்த உரிமையோடு கேட்க முடியும்? 1998இல் அமெரிக்காவில் தொடங்கி 2017 மார்ச்சில் மூடப்பட்ட டிமோஸ் இணையத்தள அடைவைத் தன்னார்வத் தொகுப்பாளர்களே பராமரித்தனர். தளத்தைச் சேர்க்கக் கோருவது இலவசமாக இருந்தது. சேர்ப்பார்கள் என்ற உத்தரவாதம் இருக்கவில்லை. "இன்னும் ஏன் சேர்க்கவில்லை?" என்று எழுதியவர், இல்லாத கடனை வசூலிக்க வந்தவரானார். சரியான முகவரி, பொருந்தும் பிரிவு, விளம்பர வாடையற்ற இரண்டு வரி விவரம் தருவதே முதல் மரியாதை. 'ஐயா', 'தயவுசெய்து' எல்லாம் அதற்குப் பிறகுதான். கேட்பவர் இங்கே விருந்தாளி. திருக்குறளிலும் இனியவை கூறல், விருந்தோம்பலுக்கும் செய்ந்நன்றி அறிதலுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அதற்காகத் தொகுப்பாளர் கேள்விக்கு அப்பாற்பட்டவரல்லர். தம் சொந்தத் தளத்துக்குச் சலுகை காட்டினால் ஆதாரத்தோடு சுட்டலாம்.