உன் வயதே உன் தகுதி

"உனக்கு என்ன தெரியும்? சின்னப் பிள்ளை, சும்மா இரு!" என்று உன்னை எத்தனை பேர் அடக்கி உட்கார வைத்திருப்பார்கள்! பெரியவர்கள் பேசும்போது எழுந்து போகச் சொன்னார்கள். வகுப்பில் கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி என்றார்கள். கேட்டுக் கேட்டு நீயும் நம்பிவிட்டாய். பட்டம் வாங்கட்டும், வேலை கிடைக்கட்டும், நாலு காசு சேரட்டும், அப்புறம் பேசலாம் என்று உன் வாழ்க்கையை நீயே தள்ளிப்போடுகிறாய்.

நிறுத்து! பள்ளிச் சீருடை வயதுப் பிள்ளைகள் வழக்குரைத்து, எதிர்வாதம் செய்து, தீர்ப்பும் எழுதும் ஊர் ஒன்று இருக்கிறது. முதலில் அதைத் தெரிந்துகொள்.

அமெரிக்காவின் வடகோடி மாநிலம் அலாஸ்கா. அங்குள்ள ஆங்கரேஜ் நகரில் 1989இல் ஓர் இளையோர் நீதிமன்றம் பிறந்தது. கடையில் எதையோ சட்டைக்குள் ஒளித்துப் பிடிபட்ட பையன், அடுத்தவர் பொருளை உடைத்த பெண், ஆத்திரத்தில் கை நீட்டிவிட்ட மாணவன் என்று சிறு குற்றத்தில் முதன்முறை சிக்கிய சிறார்களின் வழக்குகள் அங்கே வரும். மேடை நாடகம் என்று நினைத்துவிடாதே. வழக்கும் மெய், தண்டனையும் மெய். குற்றம் சாட்டுபவர் மாணவர். அவருக்கு எதிரே எழுந்து வாதாடுபவரும் மாணவர். எழுத்தர் மாணவர். நீதிபதி இருக்கையில் மூவர், அவர்களும் மாணவர்கள்! ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள்.

இந்த இடத்தை யாரும் அவர்களுக்குத் தட்டில் வைத்து நீட்டவில்லை. பள்ளி முடிந்த பிறகு சட்ட வகுப்பில் உட்கார்ந்தார்கள். நகரத்து வழக்கறிஞர்கள் கட்டணமின்றி வந்து சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு தேர்வு. வழக்கறிஞர்கள் எழுதும் தேர்வைப் போலவே அதற்கும் 'பார் தேர்வு' என்றுதான் பெயர். தேறியவர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். இங்கே கேட்டது எதையும் வெளியே பேசக்கூடாது என்பது அதில் தலையானது. பதின்மூன்று வயதில் ஒரு ரகசியத்தைக் காப்பது லேசா? பள்ளி வளாகத்தில் அதே பையனை எதிரே பார்க்க நேரலாம். அப்போதும் வாய் திறக்கக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

எதிர்த்தரப்பில் வாதாடும் பிள்ளையைக் கொஞ்சம் நினைத்துப் பார். தன் வயதே ஆன ஒருவன் தலைகுனிந்து முன்னால் இருக்கிறான். அவனிடம் பேசி, அவன் வீட்டு நிலைமை என்ன, அன்று என்ன நடந்தது, இப்போது என்ன நினைக்கிறான் என்று கேட்டறிய வேண்டும். அதை மூன்று நீதிபதிகள் முன் நெஞ்சில் தைக்கிற மாதிரி எடுத்துச் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டும் பிள்ளைக்கு இன்னும் கடினமான வேலை. நடந்த தவறைத் தவறென்று உரக்கச் சொல்ல வேண்டும். ஆனால் ஆளைக் கேவலப்படுத்திவிடக்கூடாது. நம்மில் எத்தனை பெரியவர்களுக்கு இந்த வித்தை வரும்?

தீர்ப்பு சிறைக்கு அனுப்பாது. இத்தனை மணி நேரம் சமூக சேவை, பாதிக்கப்பட்டவருக்கு மன்னிப்புக் கடிதம், தன் செயலைப் பற்றி ஒரு கட்டுரை. தவறு செய்தவன் தன் கையாலேயே அதைச் சரிசெய்து முடிக்கிறான். முடித்தவனை முறையான நீதிமன்றத்துக்கு இழுப்பதில்லை.

டெக்சாஸ் மாநிலம் ஒடெசா நகரில் நேட்டலி ராத்ஸ்டைன் என்ற பெண்மணி முன்னின்று 1983இல் தொடங்கிய இளையோர் நீதிமன்றம், நாடெங்கும் பலருக்கு முன்மாதிரியானது. அங்கே ஒரு தண்டனை உண்டு, அதைப் படித்தபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். குற்றவாளியாக வந்த பிள்ளை, பிறகு ஜூரியில் ஒருவராக உட்கார்ந்து அடுத்தவரின் வழக்கைக் கேட்க வேண்டும்! நேற்று தலைகுனிந்தவனிடம், "வா, இவனுக்கு எது நியாயம் என்று நீ சொல்" என்கிறது அந்த நீதிமன்றம். இனி உருப்படமாட்டான் என்று ஊர் முத்திரை குத்தும் முன்பே அவனுக்கு ஓர் இருக்கை போட்டுவிடுகிறது. தம்பி, தங்கையே, நீ எங்கே சறுக்கியிருந்தாலும் இதை மனதில் ஆணி அடித்துக்கொள்!

இதெல்லாம் பலிக்குமா என்று கேட்பாய். கேட்கத்தான் வேண்டும். அர்பன் இன்ஸ்டிடியூட் ஆய்வாளர் ஜெஃப்ரி பட்ஸும் அவருடைய குழுவினரும் நான்கு மாநிலங்களில் ஆராய்ந்து 2002இல் அறிக்கை தந்தார்கள். அலாஸ்காவில் இளையோர் நீதிமன்றத்துக்கு வந்தவர்களில் 6 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் மீண்டும் குற்றத்தில் சிக்கினார்கள். வழக்கமான வழியில் கையாளப்பட்டவர்களில் அது 23 சதவீதம். மிசூரியில் 9 சதவீதம். வழக்கமான வழியில் 28. மற்ற இரு மாநிலங்களில் வேறுபாடு உறுதிப்படவில்லை, மேரிலாந்தில் காவல்துறை நடத்திய திட்டத்தில் மீண்டும் சிக்கியவர்கள் சற்றுக் குறைவாகக்கூட இருந்தார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கவனி: இந்த நான்கில் பிள்ளைகளிடம் மிக அதிகப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட இடங்கள் அலாஸ்காவும் மிசூரியும்தான். எங்கே நம்பிக் கொடுத்தார்களோ அங்கே பிள்ளைகள் நிமிர்ந்து காட்டியிருக்கிறார்கள்!

நியூயார்க் புரூக்ளினில் ரெட் ஹூக் என்றொரு பகுதி. போதைப்பொருள் கும்பல்களின் துப்பாக்கிச் சத்தம் கேட்டே வளர்ந்த தெருக்கள். 1992 டிசம்பரில், பள்ளியை விட்டு வெளியேறிய ஒரு மாணவனைத் தேடிப் போன தலைமையாசிரியர் பேட்ரிக் டேலி, இரு தரப்புச் சண்டையில் பாய்ந்த குண்டுக்குப் பலியானார். ஊரே உடைந்து போனது. இந்தத் தெருப் பிள்ளைகளே இப்படித்தான் என்று கைகழுவி விட்டிருக்கலாம். விடவில்லை. மூடிக் கிடந்த ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் 2000ஆம் ஆண்டு அந்தப் பகுதி மக்களுக்கான நீதி மையம் ஒன்றைத் திறந்தார்கள். அதே தெருக்களில் வளர்ந்த பதின்பருவத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, சக வயதினரின் வழக்குகளைக் கேட்க உட்கார வைத்தார்கள். எந்தப் பிள்ளைகளைக் கண்டு ஊர் அஞ்சியதோ, அவர்களிடமே நியாயத்தை ஒப்படைத்தார்கள்!

பெரியவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். மாலை நேரத்தைக் கொடுக்கும் வழக்கறிஞர் இல்லாமல், வழக்கை அனுப்பி வைக்கும் அதிகாரி இல்லாமல், மன்னிப்புக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் கடைக்காரர் இல்லாமல், சேவை செய்ய வரும் பிள்ளைக்கு வேலை கொடுக்கும் அமைப்பு இல்லாமல் இந்த நீதிமன்றங்கள் ஒரு நாளும் நடக்காது. பின்வரிசையில் உட்கார்ந்து, குறுக்கிடாமல், பிள்ளைகளைப் பேச விடுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை இன்றே வரவழைத்துக்கொள்ளுங்கள்!

நீயோ, அதற்காகக் காத்திருக்காதே. நாளைக்கே உன் வகுப்பில் ஒருவன் மாட்டிக்கொள்வான். எல்லோரும் சேர்ந்து அவனைக் கேலி செய்வார்கள், செல்போனில் படம் பரப்புவார்கள். எழுந்து போ. அவன் பக்கத்தில் உட்கார். "என்னடா நடந்தது, சொல்" என்று கேள். அவன் முழுதும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. கேட்டதை வெளியே ஒருவரிடமும் சொல்லாதே. செய்தது தப்பு என்றால் அவன் முகத்துக்கு நேரே சொல். சொல்லிவிட்டு, அதைச் சரிசெய்ய அவனோடு கூடவே நடந்து போ!