தளர்ந்த கையில் உள்ள தடி

நோயுற்றுச் சோர்ந்த முதியவருக்கு இறைநம்பிக்கை மருந்தா, நஞ்சா? பகுத்தறிவாளர் எனப் பெயர் பூண்ட நாம், விடையை முன்பே முடிவு கட்டிக்கொண்டு ஆராய முற்படுவது அழகன்று. அமெரிக்க நாட்டு டர்ஹாம் நகர மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகள் இரண்டினைக் காண்போம்.

ஹெரால்டு கோனிக் குழுவினர் 1998-இல் வெளியிட்டது ஒன்று. உடல் நோயோடு மனச்சோர்வும் சேர்ந்து வாட்டிய முதியோர் 87 பேர். எவர் உள்ளத்தில் நம்பிக்கை ஆழ வேரூன்றியிருந்ததோ, அவர் விரைந்து தேறினார். நமக்கு இது கசக்கலாம். கசந்தாலும் உண்மை உண்மையே! ஆயினும், மாதாகோயிலுக்குச் சென்று வருவதற்கும் தேறுவதற்கும் அந்த ஆய்வில் தொடர்பு காணப்படவில்லை. சடங்கின் காவலர்கள் இதைச் சற்றே கவனிப்பார்களாக!

கென்னத் பர்கமென்ட் குழுவினர் 2001-இல் வெளியிட்டது மற்றொன்று. 55 வயதும் அதற்கு மேலும் ஆன நோயாளர் 596 பேர். "ஆண்டவன் நம்மைக் கைவிட்டானோ?" என்று ஏங்கியோர், அவன் அன்பையே ஐயுற்றோர் ஆகியோரிடையே ஈராண்டுக்குள் இறப்பு மிகுந்திருந்தது. ஆறுதல் தந்த அதே நம்பிக்கை, இங்கே உயிரை அரிக்கும் அச்சமாயிற்று!

அப்படியாயின், படுக்கையருகே நின்று "கடவுள் இல்லை" என வாதிடுவதா நம் வேலை? பட்டம் பெற்ற துடுக்கில் பாட்டியாரிடம் ஒருநாள் வாதாடி வென்றோம் நாம். அன்றிரவு அவர் உண்ணவில்லை. தளர்ந்த கையிலிருந்து தடியைப் பறிப்பதற்குச் சீர்திருத்தம் என்றா பெயர்?

ஆனால், "உன் பாவத்தின் பலன் இது" என்று ஓத எவரேனும் வருவாராயின், அவரை வாயிலிலேயே மறிப்போம். மறித்துவிட்டு, மருத்துவரை அழைத்து வருவோம்.