வினையும் வினைச்சொல்லும்

பெயர்ச்சொல்லில் பிழை செய்தால் வாசகன் உடனே கண்டுபிடித்துவிடுவான். வினைச்சொல்லில் நேரும் பிழை அப்படியல்ல. அது யார் கண்ணிலும் படாமல் ஒரு பொய்யை மெய்யாக்கிவிடும். கதை எழுதுகிற எனக்கு இந்த அச்சம் எப்போதும் உண்டு. கொரியாவின் பழங்கலைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருப்பவற்றைப் படிக்கும்போது அது இன்னும் வளர்கிறது.

கொரிய மொழியில் தந்தி வாத்தியமான கயாகும்மை மீட்டுகிறார்கள், ஹேகும்மை வில்லால் இழைக்கிறார்கள், மேளத்தை அடிக்கிறார்கள், குழலை ஊதுகிறார்கள். தமிழனும் இப்படித்தான் பேசுகிறான். ஆங்கிலமோ இத்தனைக்கும் 'ப்ளே' என்ற ஒரே சொல்லை நீட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. இதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

'பான்சோரி'யில் நஷ்டம் தொடங்குகிறது. ஒருவர் கையில் விசிறியுடன் நின்று கதை நடத்துவார்; பக்கத்தில் ஒருவர் அமர்ந்து மேளம் தட்டுவார். பாட்டு, வசனம், அபிநயம் மூன்றும் கலந்து வரும். ஒரு கதை முடியச் சில வேளைகளில் எட்டு மணி நேரம்கூட ஆகும். முன்பு பன்னிரண்டு கதைகள் இருந்தன; இன்று மிஞ்சியவை ஐந்து. 'பாடினார்' என்று எழுதினால் வசனம் போய்விடுகிறது. 'சொன்னார்' என்றால் பாட்டு போய்விடுகிறது. 'நடித்தார்' என்றாலோ வேஷம் கட்டியதாக ஆகிவிடுகிறது. சபையோரும் சும்மா இருப்பதில்லை. நம் கச்சேரிகளில் 'பலே' என்பதுபோல இடையிடையே குரல் கொடுப்பார்கள். அது அந்தக் கலையின் ஓர் அங்கம். அதைக் 'கத்தினார்கள்' என்று எழுதிவிட்டால் ரசிகர் கூட்டம் ரகளைக் கூட்டமாகிவிடும்!

ஆனால் உண்மையான தர்மசங்கடம் 'குத்' என்ற சடங்கில்தான் இருக்கிறது. ஜேஜு தீவில் சாந்திரமானக் கணக்கில் இரண்டாம் மாதம் காற்றுத் தேவதைக்கு இதைச் செய்கிறார்கள். கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்களும் படகுக்காரர்களும் கடல் அமைதியாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறார்கள். சடங்கை நடத்தும் பூசாரிக்கு ஆங்கிலம் தரும் வினை 'பெர்ஃபார்ம்'. டாக்டர் அறுவை சிகிச்சை செய்வதற்கும் அதே சொல்தான் என்பது உண்மை. ஆனாலும் மேளமும் ஆட்டமும் சேர்ந்த இடத்தில் அதைப் படிப்பவன் மனத்தில் மேடையும் டிக்கெட்டும்தான் எழும். கணவனைக் கடலில் அனுப்பிவிட்டுக் கைகூப்பி நிற்கிறவள் ஒரே சொல்லில் பார்வையாளராகிவிடுகிறாள்.

அப்படியானால் அந்தச் சொல்லை விலக்கிவிடலாமே என்று நினைக்கத் தோன்றும். விஷயம் அவ்வளவு எளிதல்ல. 1962-ல் தென்கொரிய அரசாங்கம் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கச் சட்டம் செய்தது. 1970-களில் அதே அரசாங்கத்தின் புதிய கிராம இயக்கம், இத்தகைய சடங்குகளை மூடநம்பிக்கை என்று துரத்தியது. வழிபாடு என்றால் ஏச்சு; கலை என்றால் மரியாதை. 'நிகழ்த்துகிறார்கள்' என்ற சொல் பல சடங்குகளுக்குக் கேடயமாக இருந்தது. ஜேஜுவின் சடங்கு 2009-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. காப்பாற்றிய சொல்லைக் குறை சொல்ல மனம் கூசுகிறது. ஆனால் பூசாரியைக் காப்பாற்றிய அந்தச் சொல், தெய்வத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டதே!

சரி, எழுதுகிறவன் என்ன செய்வது? 'தெய்வம் அவள்மேல் ஏறியது' என்று எழுதினால், எனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிறேன். 'ஏறியதாக நடித்தாள்' என்றாலும் அதே குற்றம்தான். முன்னது பக்தியின் அகங்காரம், பின்னது படிப்பின் அகங்காரம். இரண்டாவதைத்தான் நாம் அறிவு என்று எண்ணி ஏமாந்துபோகிறோம்.

எனக்குத் தோன்றுகிற வழி ஒன்று உண்டு. கலையின் பெயரைப் பார்த்து வினையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவள் யார் முன்னிலையில் நிற்கிறாள் என்று பார்க்க வேண்டும். கடற்கரையில் மீனவர்களுக்காக நிற்கும்போது அவள் வேண்டுகிறாள், அழைக்கிறாள், வழியனுப்புகிறாள். அதே அம்மாள் நகரத்து அரங்கில் விளக்கொளியில் நிற்கும்போது நிகழ்த்துகிறாள். அங்கும் தெய்வம் வந்தது என்று அவள் சொன்னால், அவள் சொன்னதாக எழுதிவிடலாம். ஒரே ஆளுக்கு இரண்டு நாளில் இரண்டு வினைகள் பொருந்தும். மனிதர்கள் எல்லோருக்கும் அப்படித்தான்.

தமிழில் செயலுக்கும் வினை என்றுதான் பெயர். அதைக் குறிக்கும் சொல்லுக்கும் அதுவேதான் பெயர். பிறர் செய்ததற்கு நாம் இடும் சொல்லும் நாம் செய்த ஒரு செயல்தான். அதற்கும் கணக்கு உண்டு.