முதல் நாள் கோடும் ஊழும்

பிறந்ததும் அழாத பிள்ளையைப் பெற்றவர்களுக்குக் கேட்க இருப்பது ஒன்றுதான்: பிழைக்குமா, பிழைத்தால் நல்லபடியாக இருக்குமா? பதில் தேட இன்று ஒரு கருவி இருக்கிறது. பச்சிளம் தலையில் சில மின்முனைகளைப் பொருத்தினால், மூளையின் மின்னலைகளை ஒரு மணி நேரத்துக்கு ஆறு சென்டிமீட்டர் என்று சுருக்கித் திரையில் பட்டையாக வரைந்து காட்டும். பட்டையின் கீழ்விளிம்பு 5 மைக்ரோவோல்ட்டுக்கு மேலும் மேல்விளிம்பு 10-க்கு மேலும் நின்றால் ஆறுதல். இரண்டும் சரிந்து ஒரே கோடாகப் படுத்துவிட்டால் மூச்சுத்திணறலில் மூளை பலமாக அடிபட்டிருக்கலாம். வருசநாட்டு மலையடியிலிருந்து கடமலைக்குண்டு, கண்டமனூர் தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கு வரும் ஒரு குடும்பத்திடம் அப்படியொரு கோட்டைக் காட்டினால், அதைத் தலையெழுத்தென்றே எடுத்துக்கொள்ளும். மருத்துவரும் அப்படி எடுத்துக்கொண்டால் அது அறிவுக்கும் பிழை, அறத்துக்கும் பிழை.

அறிவுக்குப் பிழை என்பதற்குச் சான்று உண்டு. பிறந்த ஆறாவது மணியில் மோசமாக இருந்த பட்டை 24 மணி நேரத்துக்குள் சீரான குழந்தைகளில் பலர் நன்றாக வளர்ந்திருக்கிறார்கள். மூளையைக் காக்க உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை தந்தால் அந்த மீட்சிக்கு 48 மணி நேரம்கூட ஆகலாம். வலிப்பை அடக்கத் தரும் மருந்தே பட்டையைத் தாழ்த்திவிடுவதும் உண்டு. இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உடல் வெப்பத்தை 33.5 டிகிரிக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்திருக்கும் சிகிச்சை பணக்கார நாடுகளில் உயிர் காத்தது. சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் அதைச் சோதித்த ஹெலிக்ஸ் ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது: குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 31 சதவீதம். அங்கே காத்த சிகிச்சை இங்கே காக்கவில்லை என்றால், அங்கே வகுத்த கணிப்பை மட்டும் இங்கே அப்படியே ஏற்பது எப்படி?

அறத்துக்குப் பிழை என்பது இதைவிட ஆழமானது. கோடு மோசம் என்று செயற்கைச் சுவாசத்தை நிறுத்தினால் குழந்தை இறக்கும். அந்த இறப்பு கணிப்பு பலித்ததாகக் கணக்கில் ஏறும். அடுத்த குழந்தைக்கு அதே கோடு இன்னும் உறுதியாகத் தெரியும். நாம் செய்ததை விதியின் பெயரில் எழுதிவிடுகிறோம். நடப்பதெல்லாம் நியதிப்படியே என்ற ஆசீவகரை மறுக்கச் சமணக் காப்பியமான நீலகேசி ஒரு சருக்கமே ஒதுக்கியது. வள்ளுவரும் அறத்துப்பாலை ஊழ் அதிகாரத்தோடு முடித்தவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமையை அதற்கு எதிரே நிறுத்தினார். நம் முயற்சியும் நியதிக்கு உட்பட்டதுதானே என்று ஆசீவகர் திருப்பிக் கேட்கலாம். இருக்கட்டும். எது நியதி என்பது முன்கூட்டித் தெரியாதவரை, கைவிடுவதற்கு அதைக் காரணம் காட்ட யாருக்கும் உரிமையில்லை.

வீண் நம்பிக்கை கொடுத்து ஏழைக் கூலிக் குடும்பத்தைக் கடனில் தள்ளுவது மட்டும் அறமா என்ற கேள்வி நியாயமானது. அதை எளிதில் தள்ள முடியாது. மீளாத சேதம் உறுதியானபின் வலியை மட்டும் தணித்து, தாயின் மடியில் பிள்ளையை விடுவதும் கருணைதான். கருவியை ஒதுக்கிவிட்டு அந்த உறுதியை எட்டவும் முடியாது. ஆனால் அந்த உறுதி முதல் நாளில் கிடைப்பதில்லை. பட்டை நாள்தோறும் எப்படி மாறுகிறது, உடல் பரிசோதனை என்ன காட்டுகிறது, சில நாள் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. என்ன சொல்கிறது என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே அது வரும். அதுவரை பெற்றோரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இப்போதைக்கு மோசமாகத்தான் தெரிகிறது, மாறவும் வாய்ப்பிருக்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கிறோம்." முதல் நாள் கோட்டை மட்டும் காட்டி, "சிகிச்சை வேண்டாம், வீட்டுக்குக் கொண்டு போகிறோம்" என்று எந்தத் தகப்பனிடமும் கையெழுத்து வாங்காதீர்கள்.