அளவறிந்து உண்ணல் யார்க்கு அறம்? – மலையக வாழ்வை முன்வைத்துச் சில சிந்தனைகள்

உடல் நிறையைக் குறைத்தல் என்பது இன்று மருத்துவர் கூறும் அறிவுரையாக மட்டுமன்றி, ஒருவரது ஒழுக்கத்தை அளக்கும் கோலாகவும் மாறிவிட்டது. பருத்த உடலைக் காணுமிடத்து அதற்குரியவரை அடக்கமற்றவரென்றும், மெலிந்த உடலைக் காணுமிடத்துத் தன்னை வென்றவரென்றும் எண்ணும் மனப்பாங்கு படித்தோரிடையே பரவியுள்ளது. மிகுதியாக உண்பவர் தீயவர் என்று எவரும் வாய்திறந்து கூறுவதில்லை. எனினும் நமது பேச்சின் தொனியில் இத்தீர்ப்பு மறைந்திருக்கக் காணலாம். இத்தீர்ப்பு நியாயமானதா? அளவறிந்து உண்ணல் ஓர் அறமாயின், அது யார்க்கு அறம்? தலைமுறை தலைமுறையாகப் பசியை அறிந்த மக்கட் கூட்டமொன்றை நோக்கி, 'உணவைக் குறையுங்கள்' என்று கூறும் உரிமை எவர்க்கு உண்டு? இவ்வினாக்களை நுவரெலியா, ஹட்டன் முதலிய மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்களின் வாழ்வை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நமது மரபு இதுபற்றிக் கூறுவதை நோக்குவோம். திருக்குறளில் அளவறிந்து உண்பதைப் பற்றி விரிவாகப் பேசும் அதிகாரம் 'மருந்து' என்பதாகும். முன்னர் உண்டது செரித்தமை அறிந்து, பசித்தபின், தன் உடற்கேற்ற அளவில் உண்பவனை நோய் அணுகாது என்பதே அதன் சாரம். ஈண்டு நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வள்ளுவர் இவ்வதிகாரத்தை அறத்துப்பாலில் வைத்தாரல்லர், பொருட்பாலிலேயே வைத்தார். உணவு தொடர்பாக அறத்துப்பாலில் இடம்பெறுவன விருந்தோம்பலும், ஈகையும், புலால் மறுத்தலுமாம். 'ஈகை' அதிகாரத்தில் அவர் இன்னும் ஒருபடி மேலே சென்று, பசியைப் பொறுத்துக்கொள்வோரின் ஆற்றலும், அப்பசியைத் தீர்ப்போரின் ஆற்றலுக்குப் பிற்பட்டதே என்று தெளிவுறுத்துகின்றார். தன் வயிற்றை அளந்து உண்பது அறிவுடைமை. பிறர் வயிற்றை நினைந்து உண்பது அறம். இவ்விரண்டுக்குமிடையே வள்ளுவர் வைத்த வேறுபாட்டை நாம் மறந்தமையே இன்றைய மயக்கத்திற்குக் காரணம் என எண்ணத் தோன்றுகின்றது.

கிரேக்க அறிஞரான அரிஸ்டோட்டில் மிதமான நிலையையே அறமெனக் கொண்டவர். எனினும் அம்மிதம் எல்லோர்க்கும் ஒன்றன்று என்பதை விளக்க அவர் உணவையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். பத்துப் பங்கு உணவு மிகுதி, இரண்டு பங்கு குறைவு என்பதனால், ஆறு பங்கே யாவர்க்கும் உரிய அளவென்று பயிற்சியாளன் விதித்துவிட முடியாது. மைலோ என்னும் மல்வீரனுக்கு அது போதாது, பயிற்சியைத் தொடங்குபவனுக்கோ அது மிகுதி என்பது அவரது விளக்கம். செங்குத்தான மலையில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு உரிய அளவும், கொழும்பில் நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதுபவருக்கு உரிய அளவும் ஒன்றாகா. ஆகவே 'அளவு' என்ற சொல்லைக் கையாளுமுன், யாருடைய அளவு என்று கேட்டல் வேண்டும்.

இனி, மலையக மக்களின் உணவுப் பழக்கம் எவ்வாறு உருவாகியது என்பதை நோக்குவோம். தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டு அங்கு வாழ்ந்தோரின் உணவு வெளியிலிருந்தே வந்தது. தேயிலை விளைந்த நிலத்தில் நெல் விளையவில்லை. விளைவிக்க அவர்களுக்கென நிலமும் இருக்கவில்லை. இலங்கை தனக்குத் தேவையான அரிசியிற் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்து பெற்றுவந்த காலத்தில், 1942ஆம் ஆண்டு யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். அரிசி வரத்து நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பலாயிற்று. இன்று லயத்து அடுப்படிகளில் 'எங்கள் சாப்பாடு' என்று உரிமையோடு சொல்லப்படும் ரொட்டி, இவ்வாறு ஒரு பற்றாக்குறையின் பிள்ளையாகவே நம்மிடம் வந்து நிலைத்தது. ரொட்டியும் சம்பலும் சீனியிட்ட சாயத்தண்ணியும் நாவின் ஆசையால் மட்டும் வந்தவை அல்ல. விடியற்காலையில் விரைவாகச் சமைத்து, வேலைத்தலத்துக்குக் கட்டிக்கொண்டுபோய், குளிரில் நின்று உண்ணத்தக்கதாகவும், குறைந்த காசுக்கு வயிற்றை நிரப்பத்தக்கதாகவும் இருந்தமையே அவற்றின் சிறப்பு.

பின்னர் வந்தது 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடி. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியது. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. வயலோ தோட்டமோ உள்ளவர்கள் மரவள்ளியையேனும் நட்டு உயிர்பிழைத்தனர். கூலியையும் கூப்பனையுமே நம்பியிருந்த தோட்ட மக்களுக்கு அவ்வழியும் இருக்கவில்லை. அக்காலத்தில் தோட்டப்புறங்களின் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் கூர்மையாக உயர்ந்தமை பதிவாகியுள்ள உண்மையாகும்.

அந்நாட்களில் இளம்பெண்ணாயிருந்த என் அப்பாயியிடம், சில ஆண்டுகளுக்கு முன்னர் மருத்துவர் ஒருவர், நீரிழிவும் குருதியமுக்கமும் இருப்பதால் உடல் நிறையைக் குறைக்குமாறு கூறினார். மருத்துவர் கூறியது சரியே. ஆனால் வீடு திரும்பியபின் அப்பாயி என்னிடம் கேட்ட கேள்விக்கு என்னால் உடனே விடைகூற இயலவில்லை. "ஏம்ப்பா, அந்தப் பஞ்சத்துல ஒரு ரொட்டிய ஆறு பேரு பிச்சுத் தின்னோம். இப்பத்தான் ஒடம்புல கொஞ்சம் சதை வந்திருக்கு, அதையும் கொறைக்கணுமா?" என்றார். அவருக்கு உடலின் பருமன் நோயின் அடையாளமன்று. பஞ்சத்தை வென்றதற்கான சான்று.

இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடல் தகாது. பசித்த உடல் பசியை எளிதில் மறப்பதில்லை என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944–45ஆம் ஆண்டுகளில் அன்செல் கீஸ் என்பார் முப்பத்தாறு இளைஞர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். தாமாகவே முன்வந்த அவ்விளைஞர்கள் ஏறத்தாழ ஆறு மாதங்கள் குறையுணவில் வைக்கப்பட்டு, தமது நிறையிற் காற்பங்களவு இழந்தனர். அவர்களது சிந்தனை முழுவதையும் உணவே ஆட்கொண்டது. கட்டுப்பாடு நீங்கியதும் பலர் வயிறு நிறைந்த பின்னரும் அடங்காது உண்டனர். இழந்த நிறை, கொழுப்பாகத் திரும்பியது. உணவை வன்முறையாகக் குறைக்குமிடத்து உடல் அதனைப் பஞ்சமென்றே கொள்கின்றது; செலவைச் சுருக்கிப் பசியைப் பெருக்குகின்றது. ஒரு மாதம் பட்டினி கிடந்து நிறையைக் குறைப்போர், சில மாதங்களில் அதனை மீளப் பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனை மனவுறுதியின் தோல்வி என்று மட்டும் பழிப்பது அறியாமையாகும்.

மலையகத்தின் இன்றைய நிலை மேலும் சிக்கலானது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் வயதிற்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய நிலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேராயிருக்க, தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 பேராயிருந்தனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை ஏறியபோது, ரொட்டியும் சுருங்கியது. அதே லயங்களில்தான் நடுவயது கடந்தோர் சிலர் நீரிழிவுக்கும் குருதியமுக்கத்துக்கும் மருந்து பெற மாதந்தோறும் வரிசையில் நிற்கின்றனர். இவையிரண்டும் ஒன்றற்கொன்று முரணானவை அல்ல. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் போதிய ஊட்டம் பெறாதோர், பிற்காலத்தில் நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் எளிதில் ஆளாகின்றனர் என்பதை டேவிட் பார்க்கர் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர் 1980களின் பிற்பகுதியிலிருந்து எடுத்துக்காட்டி வந்தார். ஆசிய மக்களிடையே உடற்றிணிவுச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே விழிப்பாயிருத்தல் நன்றென்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும் 2004ஆம் ஆண்டிற் கூறியது. தாயின் பசி பிள்ளையின் முதுமையில் நோயாக வரக்கூடுமாயின், 'அளவின்றி உண்டதால் வந்த வினை' என்று அப்பிள்ளையை மட்டும் குற்றங்கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

இவ்விடத்தில் எதிர்வாதமொன்று எழலாம். 'எல்லாம் வரலாற்றின் குற்றம், கூலியின் குற்றம் என்றால், தனிமனிதர் செய்வதற்கு யாதுளது? கூலி உயரும்வரை காத்திருப்பதா?' என்று கேட்கலாம். இவ்வாதத்தில் உண்மையுண்டு. கூலிக்கான போராட்டம் இன்றியமையாதது. ஆயினும் நீரிழிவு அதன் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. ஒருவரைப் பழிக்காமலே அவரிடம் பொறுப்பை வேண்டி நிற்றல் இயலும். பழி என்பது கடந்ததைப் பற்றியது. பொறுப்போ நாளைய உலையைப் பற்றியது.

நிலைத்து நிற்கும் மாற்றம் சிறியதாய், செலவற்றதாய், வீட்டார் யாவரும் பகிரத்தக்கதாய் இருத்தல் வேண்டும். சாயத்தண்ணியையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரு தேக்கரண்டி சீனி எனின், தேநீரில் மட்டும் ஏறத்தாழ 40 கிராம் சீனி உடலிற் சேர்கின்றது. சேர்க்கப்படும் சீனி, பெறும் சக்தியில் பத்தில் ஒரு பங்கிற்குக் குறைவாக, அதாவது வளர்ந்தோர்க்கு ஏறத்தாழ 50 கிராமுக்குட்பட்டிருக்க வேண்டுமென்றும், அதிற் பாதியாயின் இன்னும் நன்றென்றும் உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. சில வாரங்களிற் படிப்படியாக ஒரு தேக்கரண்டியாக்கினால், ஒருவர் ஆண்டொன்றுக்கு ஏழு கிலோவுக்கு மேற்பட்ட சீனியைத் தவிர்க்கின்றார். நாவும் அதற்குப் பழகிவிடும்; காசும் மிஞ்சும். அக்காசு பருப்பாகவோ நெத்தலிக் கருவாடாகவோ முட்டையாகவோ ரொட்டியின் அருகே வருமாயின், மூன்றாவது ரொட்டியின் தேவை தானே குறையும். உணவோடு தேநீரை அருந்தாது ஒரு மணிநேரம் தள்ளி அருந்தினால், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் மேலும் நன்கு ஏற்கும். குருதிச் சோகையால் வாடும் பெண்களுக்கு இது பெரும் பயன்.

மரக்கறி பற்றியும் ஒரு சொல். கந்தப்பளையிலும் நுவரெலியாவிலும் விளையும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் லொறிகளில் ஏறிக் கொழும்பு செல்கின்றன. அவை விளையும் மண்ணருகே வாழ்வோரின் தட்டில் அவற்றைக் காண்பது அரிது. லயத்தின் பின்புறத்தே ஒரு பாத்திக் கீரை நடுவதற்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் துண்டு நிலம் உரிமையாதல், எந்த உணவு அறிவுரையினும் மேலானது. நிலவுரிமை பற்றிய பேச்சும் உணவுப் பழக்கம் பற்றிய பேச்சும் வெவ்வேறானவை அல்ல.

எனினும் இவையனைத்திலும் முதன்மையான மாற்றம், தட்டில் உள்ளதைப் பற்றியதன்று. யார் எப்போது உண்கின்றனர் என்பதைப் பற்றியதாகும். நமது வீடுகளில் மலைக்குப் போய் வந்து, விறகு கூட்டி, உலையேற்றிச் சமைக்கும் தாய் எல்லோருக்கும் பின்னரே உண்கின்றாள். குழம்பும் கறியும் பிறர் தட்டிற்குப் போனபின், எஞ்சியது குறைவாயின் அவள் பட்டினி. எஞ்சியது ரொட்டியாயின், வீணாகக் கூடாதென்று அதனையும் அவளே உண்கின்றாள். இரத்தம் குறைந்தவளாயும் நிறை மிகுந்தவளாயும் ஒரே பெண் இருப்பதன் விந்தை இதனால் ஓரளவு விளங்கும். அவளது அளவை அவள் தீர்மானிப்பதில்லை. பிறர் விட்டுவைத்தது தீர்மானிக்கின்றது. இத்தகையவளிடம் சென்று 'அளவோடு உண்' என்று கூறுவது, கையிலில்லாத தராசைக் கொண்டு நிறுக்கச் சொல்வதை ஒக்கும். அடுப்பிலிருந்து இறக்கியவுடனே, இருப்பதை யாவர்க்கும் அவரவர் உழைப்பும் வயதும் உடல்நிலையும் அறிந்து பங்கிட்டு, ஒருங்கே அமர்ந்து உண்ணும் வழக்கம் வருமாயின், அன்றுதான் 'அளவு' என்னும் சொல் அவ்வீட்டில் பொருள்பெறும்.

என் அப்பாயியின் சாயத்தண்ணியில் சீனி குறைந்தது, வீட்டிலிருந்த நாங்கள் யாவரும் குறைத்தபோதுதான். அவர்க்கு மட்டும் சீனியற்ற கோப்பையை நீட்டியபோது, அது தண்டனையாகவே அவர்க்குத் தோன்றியிருந்தது. ஒருவர்க்கென விதிக்கப்பட்ட குறைப்பு பஞ்சத்தை நினைவூட்டுகின்றது. எல்லோரும் பகிரும் குறைப்பு வீட்டின் வழக்கமாகின்றது. பழக்கம் நிலைப்பதற்கு மனவுறுதியினும் துணையே பெரிது.

தொகுத்து நோக்குமிடத்து, அளவறிந்து உண்ணல் தன்னளவில் ஓர் அறிவுடைமையே. உணவு கிடைக்கப் பெற்று, தெரிவு செய்யும் வாய்ப்பும் உடையவரிடத்தே அது எதிர்பார்க்கத்தக்கது. வாய்ப்பு மறுக்கப்பட்டவரிடத்தே அதனை அறமென்று போதிப்பது, வறுமைக்கு நற்பெயர் சூட்டுவதாகும். நான் குறைக்கும் பிடி மற்றொருவர் தட்டிற்குச் செல்லும்போதும், என் வீட்டுத் தாய் என்னோடு அமர்ந்து உண்ணும்போதும் அவ்வறிவுடைமை அறமாக உயர்கின்றது. கூலியும் நிலமும் குறித்த நீதியை நாடாது உணவொழுக்கம் மட்டும் பேசுவோர் பாதிவழியில் நிற்கின்றனர். அந்நீதியைப் பேசிக்கொண்டே தாயைக் கடைசிப் பந்தியில் இருத்துவோரும் அங்ஙனமே நிற்கின்றனர். பல்கலைக்கழகம் வரை வந்துள்ள மலையகத்து மாணவர் நாம், விடுமுறையில் வீடு செல்லும்போது செய்யத்தக்க முதற்பணி இவ்விரண்டையும் இணைத்துக் காண்பதாகும். அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அடுப்பங்கரையில் இன்னுமொரு பலகையை இட்டு, தாயை அதில் அமரச் செய்தலே தொடக்கமாக அமையும்.